‘டோவ்’: எபிரேயத்தின் ‘நல்ல’ என்ற சொல்லைத் தடுமாறாமல் பயன்படுத்த

இஸ்ரேலின் ஹைஃபா நகரில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்த முதல் வாரம். காலையில் அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, “மா ஷ்லோம்ஹா?” என்று கேட்டார். எப்படி இருக்கிறாய் என்று அர்த்தம். விமானத்தில் மனப்பாடம் செய்திருந்த இரண்டு சொற்களை ஒட்டவைத்து, “அனி டோவ்” என்றேன். அனி என்றால் நான். டோவ் என்றால் நல்ல. அவர் மேசையில் துழாவி மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார். “அதை நானல்லவா முடிவு செய்ய வேண்டும்!” என்றார்.

மத்தியானம் வரை எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது காது சூடாகிவிட்டது. ‘நான் நன்றாக இருக்கிறேன்’ என்று நான் சொல்லவில்லை. ‘நான் நல்லவன்’ என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்திருந்தேன்.

ஆங்கிலத்தின் ‘குட்’ என்ற சொல்லை இடையில் வைத்துக்கொண்டு எபிரேயத்துக்குப் போனதால் வந்த வினை அது. நேரே தமிழிலிருந்து போயிருந்தால் வந்திருக்காது. நல்ல, நல்லவன், நல்லது, நன்றாக, சரி என்று நாம் தனித்தனியாக வைத்திருக்கும் சொற்களுக்கெல்லாம் எபிரேயத்தில் டோவ் ஒன்றுதான் ஓடியாடி வேலை செய்கிறது. ஆகவே வாயைத் திறக்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த இடத்தில் தமிழில் எதைச் சொல்வேன்? விடை கிடைத்தால் டோவ் எந்த வடிவத்தில் வர வேண்டும் என்பதும் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

முதலில் ஒலி

டெட், வாவ், பெட் என்ற மூன்று எழுத்துகள். வலமிருந்து இடமாக எழுத வேண்டும். கடைசி எழுத்தான பெட், சொல்லின் தொடக்கத்தில் வந்தால் ‘பஸ்’ என்பதன் முதல் ஒலியைத் தரும். இங்கே கடைசியில் நிற்பதால் ‘வ்’ ஆகிவிடுகிறது. மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். முதல் ஒலி நம் ‘த’வுக்கும் ‘ட’வுக்கும் நடுவில், பல்லின் வேர்ப்பக்கம் பிறப்பது. தமிழில் அதற்குத் தனி எழுத்து இல்லாததால் ‘ட’ என்றே எழுதுகிறேன். நாக்கை மடிக்காமல் சொல்லுங்கள்.

ஒரு குழப்பத்தை இப்போதே தீர்த்துவிடலாம். டோடா என்றால் நன்றி. டோவா என்றால் நல்ல என்பதன் பெண்பால். இரண்டிலும் அழுத்தம் கடைசி அசையில்தான். முதல் மாதத்தில் கடைக்காரருக்கு டோவா சொல்லிவிட்டு வருபவர்கள் உண்டு. கடைக்காரர்களும் சிரித்தபடி சில்லறையைக் கொடுத்துவிடுவார்கள்.

நான்கு வடிவங்கள்

தமிழில் நல்ல பையன், நல்ல பெண், நல்ல பிள்ளைகள் என்று ‘நல்ல’ அசையாமல் முன்னால் நிற்கும். எபிரேயத்தில் அது பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் போய் நிற்கும். பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறும். யெலெட் டோவ், நல்ல பையன். யல்டா டோவா, நல்ல பெண். யெலாடிம் டோவிம், நல்ல பையன்கள். யெலாடோட் டோவோட், நல்ல பெண்கள். ஆணும் பெண்ணும் கலந்த கூட்டம் என்றால் டோவிம். தொண்ணூற்றொன்பது பெண்களுக்கு நடுவில் ஓர் ஆண் நின்றாலும் இலக்கணப்படி டோவிம்தான்.

நமக்கு இது முற்றிலும் அந்நியம் என்று நினைக்க வேண்டாம். நல்லவன், நல்லவள், நல்லவர்கள் என்று நாமும் மாற்றுகிறோம். பெயருக்கு முன்னால் வரும்போது மாற்றுவதில்லை, அவ்வளவுதான். நமக்குப் புதியது, உயிரில்லாத பொருளுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு என்பது. வீடு (பயிட்) ஆண். நகரம் (ஈர்) பெண். எண்ணம் (ரஅயோன்) ஆண். வழி (டெரெஹ்) பெண்.

பெண்பால் பெயர்கள் பெரும்பாலும் ‘ஆ’ என்றோ ‘ட்’ என்றோ முடியும் என்று முதல் பாடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அதை நம்பி இறங்கினால் சில இடங்களில் வழுக்கும். இரவு என்பதற்கு லைலா. ‘ஆ’வில் முடிந்தாலும் ஆண்பால், ஆகவே லைலா டோவ், ஒருபோதும் லைலா டோவா இல்லை. அழுத்தம் முதல் அசையில் விழுவதைக் கவனித்தால், இது பெண்பால் விகுதி இல்லை என்று காதே சொல்லிவிடும். நிலம் அல்லது நாடு என்பதற்கு எரெட்ஸ். பார்த்தால் ஆண்போல இருக்கும், ஆனால் பெண்பால். உபாகமம் 8:7இல் தமிழ் விவிலியம் ‘நல்ல தேசம்’ என்று சொல்லும் இடத்தில் மூலத்தில் இருப்பது எரெட்ஸ் டோவா.

பன்மையில் ஏமாற்று இன்னும் அதிகம். ஆண்டு என்பதற்கு ஷானா, பெண்பால். பன்மை ஷானிம், ஆண்பால் விகுதியோடு வருகிறது. இருந்தாலும் நல்ல ஆண்டுகள் என்றால் ஷானிம் டோவோட்தான். மேசைக்கு ஷுல்ஹான், ஆண்பால். பன்மை ஷுல்ஹானோட். நல்ல மேசைகள், ஷுல்ஹானோட் டோவிம். பெயர்ச்சொல் வேடம் போட்டாலும் டோவ் போடாது. உண்மையான பால் எது என்று அதுதான் காட்டிக்கொடுக்கும். அதனால் புதிய பெயர்ச்சொல் ஒன்றைக் கற்கும்போது தனியாக எழுதிவைக்காதீர்கள். பக்கத்தில் டோவ் அல்லது டோவா சேர்த்து ஜோடியாக எழுதுங்கள். என் குறிப்பேட்டில் முட்டை என்ற பக்கத்தில் ‘பேட்ஸா டோவா, பேட்ஸிம் டோவோட்’ என்றுதான் இருக்கிறது. நல்ல முட்டை என்று யாரும் அடிக்கடி சொல்வதில்லை; ஆனால் பால் மறக்கவில்லை.

‘ஹ’ எங்கே நிற்கிறது?

குறிப்பிட்ட ஒன்றைச் சுட்ட எபிரேயம் சொல்லின் முன்னால் ‘ஹ’ சேர்க்கும். அந்த ஹ பெயருக்கு மட்டும் இருக்கிறதா, டோவுக்கும் இருக்கிறதா என்பதைப் பொறுத்துப் பொருளே மாறிவிடும்.

ஹ-யெலெட் ஹ-டோவ் என்றால் ‘அந்த நல்ல பையன்’. பேச்சு முடியவில்லை; அந்த நல்ல பையன் என்ன செய்தான் என்று கேட்பவர் காத்திருப்பார். ஹ-யெலெட் டோவ் என்றால் ‘அந்தப் பையன் நல்லவன்’. வாக்கியம் முடிந்தது. இடையில் ‘இருக்கிறான்’ போல ஒரு வினை தேவையில்லை. ‘அவன் நல்லவன்’ என்று வினையில்லாமல் வாக்கியத்தை முடித்துப் பழகிய நமக்கு இது இயல்பாக வரும். ஆங்கிலம் பேசுபவர்கள் இங்கே ஒரு சொல்லைத் தேடித் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். மனதுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.

இறந்த காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் மட்டும் வினை வரும்: ஹ-யெலெட் ஹாயா டோவ், அந்தப் பையன் நல்லவனாக இருந்தான். பெண்பால் என்றால் ஹாயா என்பது ஹைதா ஆகும், டோவ் என்பது டோவா ஆகும்.

மாறாத டோவ்

என் முதல் வாரத் தவறு இங்கேதான். டோவ் ஒரு பெயரைத் தழுவாமல் ‘நன்றாக’, ‘நல்லது’, ‘சரி’ என்ற பொருளில் தனித்து நிற்கும்போது எதற்கும் மாறாது. பேசுவது ஆணோ பெண்ணோ, ஒருவரோ பத்துப் பேரோ, டோவ்தான்.

‘எப்படி இருக்கிறாய்’ என்பதற்குச் சரியான விடைகளைப் பாருங்கள். வெறுமனே “டோவ், டோடா” என்றால் போதும். ‘நன்றாக இருக்கிறேன், நன்றி’. கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டுமானால் “ஷ்லோமி டோவ்”. ஷலோம் என்ற சொல்லோடு ‘என்’ என்பது சேர்ந்தது ஷ்லோமி. ‘என் நலம் நன்று’ என்று வைத்துக்கொள்ளலாம். இதைப் பெண் சொன்னாலும் ஷ்லோமி டோவ்தான், ஏனென்றால் டோவ் இங்கே அவளைப் பற்றியதல்ல, ஆண்பாலான ஷலோமைப் பற்றியது. அதேபோல ‘உடம்புக்கு நன்றாக இருக்கிறது’ என்ற பொருளில் ஆண் “அனி மர்கீஷ் டோவ்” என்பான். பெண் “அனி மர்கீஷா டோவ்” என்பாள். வினை மாறிவிட்டது, டோவ் மாறவில்லை. பெண்கள் இதில் டோவா சேர்த்துவிடுவது மிகச் சாதாரணமான பிழை.

நமக்கு மிக நெருக்கமான அமைப்பு ஒன்று உண்டு. டோவ் லி. சொல்லுக்குச் சொல், ‘நன்றாக, எனக்கு’. தமிழில் குளிரும் பசியும் ‘எனக்கு’த்தான் வருகின்றன, ‘நான் குளிர்’ என்று யாரும் சொல்வதில்லை. எபிரேயமும் அப்படித்தான். எனக்குக் குளிர்கிறது, கர் லி. எனக்குப் புழுக்கமாக இருக்கிறது, ஹம் லி. இங்கே எனக்கு நன்றாக இருக்கிறது, டோவ் லி கான். உனக்கு என்று ஆணிடம் கேட்டால் லெஹா, பெண்ணிடம் லாஹ், அவனுக்கு லோ, அவளுக்கு லா. நான்காம் வேற்றுமையை அப்படியே எடுத்துக்கொண்டு போகலாம். மாறாக ‘அனி ஹம்’ என்று சொன்னீர்களானால், உங்களுக்குப் புழுக்கம் என்று கேட்பவர் எடுத்துக்கொள்ள மாட்டார். எடுத்துக்கொள்ளும் பொருளை இங்கே எழுதத் தயக்கமாக இருக்கிறது.

‘இல்லை’ என்பதும் லோ, ‘அவனுக்கு’ என்பதும் லோ. எழுத்து வேறு, ஒலி ஒன்று. எனவே ‘அவனுக்கு நன்றாக இல்லை’ என்பது “லோ டோவ் லோ”. முதல் முறை கேட்டபோது யாரோ குழந்தையைத் தாலாட்டுகிறார்கள் என்று நினைத்தேன்.

தொடர்ந்து காதில் விழப்போகும் வேறு சில:

டோவ் ஷெபாட்டா. ‘நல்லவேளை, வந்தாய்.’ டோவுக்குப் பின் ‘ஷெ’ வந்தால் ‘நல்லவேளை’ என்று எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது. பெண்ணிடம் சொல்வதானால் டோவ் ஷெபாட்.

யிஹ்யே டோவ். ‘எல்லாம் சரியாகிவிடும்.’ பஸ் தவறியதிலிருந்து போர்ச்செய்தி வரை எல்லாவற்றுக்கும் இஸ்ரேலியர்கள் இதைச் சொல்வார்கள். ஆறுதலாகச் சொல்கிறாரா, பேச்சை முடித்துவிட்டுப் போகச் சொல்கிறாரா என்பதை முகத்தைப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

டோவ், டோவ். ‘சரி, சரி.’ இழுத்துச் சொன்னால் சலிப்பு. சட்டென்று சொன்னால் சம்மதம்.

டஅஸே லி டோவா. ‘எனக்கு ஓர் உதவி செய்.’ இங்கே டோவா பெயர்ச்சொல்லாகவே ஆகிவிட்டது; செய்யும் நன்மை, உபகாரம். ஆனால் தொனி ஏறினால் ‘போதும், விடு’ என்றாகிவிடும்.

வாழ்த்துகள்

காலையில் போக்கெர் டோவ். இதற்கு அதையே திருப்பிச் சொல்லலாம். “போக்கெர் ஓர்” என்றும் சொல்வார்கள், ஓர் என்றால் ஒளி. நண்பகலில் ட்ஸொஹொராயிம் டோவிம்: நண்பகலைக் குறிக்கும் சொல்லின் வடிவமே இரட்டை எண், அதனால் டோவிம். மாலை எரெவ் டோவ், உறங்கப் போகும்போது லைலா டோவ். சனிக்கிழமை இரவு ஓய்வுநாள் முடிந்ததும் ஷாவுவா டோவ், ‘நல்ல வாரம்’. புத்தாண்டுக்கு ஷானா டோவா. தேனில் தொட்ட ஆப்பிளோடு ‘ஷானா டோவா உமெட்டுக்கா’, நல்லதும் இனியதுமான ஆண்டு.

யோம் டோவ் என்பதைச் சொல்லுக்குச் சொல் ‘நல்ல நாள்’ என்று படித்தாலும், மத வழக்கில் அது பண்டிகை நாள். ‘நல்ல நாள் பெரிய நாள்’ என்று நாம் பண்டிகையைச் சொல்வோமே, அதே போக்கு. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் இது தேய்ந்து யோன்டிஃப் ஆகி, முன்னால் அவர்கள் மொழியின் ‘நல்ல’ என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டு ‘குட் யோன்டிஃப்’ ஆயிற்று. ‘நடு சென்டர்’ போல, நல்ல நல்ல நாள்.

மஸால் டோவ் பற்றி ஓர் எச்சரிக்கை. மஸால் என்பதன் பழைய பொருள் விண்மீன் கூட்டம், ராசி, பின்பு அதிர்ஷ்டம். ஆனால் தேர்வுக்குப் போகிறவரிடம் மஸால் டோவ் சொல்லாதீர்கள். அதற்கு பெஹட்ஸ்லஹா என்று வேறு சொல் இருக்கிறது. மஸால் டோவ் காரியம் நடந்து முடிந்த பிறகு சொல்வது: திருமணம், குழந்தை, பட்டம், புது வீடு. மணமகன் காலால் கண்ணாடிக் கோப்பையை உடைத்ததும் கூட்டம் முழுக்க மஸால் டோவ் என்று கத்தும். அந்தப் பழக்கம் உணவகத்துக்கும் வந்துவிட்டது. பரிமாறுபவர் கைதவறித் தம்ளரைப் போட்டு உடைத்தால் நாலு மேசைகளிலிருந்து மஸால் டோவ் வரும்.

திருமணப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் ‘கி டோவ்’ திரும்பத் திரும்ப வருகிறது. தமிழ் விவிலியத்தில் ‘நல்லது என்று கண்டார்’. அதிகாரம் முழுக்க எண்ணினால் ஏழு டோவ். கடைசியானது டோவ் மெஓட், மிகவும் நல்லது. இரண்டாம் நாளுக்கு ஒன்றுகூட இல்லை. மூன்றாம் நாளுக்கு இரண்டு. ஞாயிறு முதல் நாள் என்பதால் மூன்றாம் நாள் செவ்வாய். எனவே செவ்வாய்க்கிழமைக்கு ‘பாமாயிம் கி டோவ்’, இருமுறை நல்லது என்று பெயர். பலர் தேடிப்பிடித்துத் திருமணம் வைக்கும் நாள். ‘செவ்வாயோ வெறுவாயோ’ என்று கேட்டு வளர்ந்த நான், செவ்வாயன்று நடந்த ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பயந்தபடியே சாப்பிட்டேன்.

ஒன்றைவிட ஒன்று

மிகவும் நல்ல என்பது டோவ் மெஓட். ‘மிக’ பின்னால் வருவதைக் கவனியுங்கள். இன்னும் நல்ல என்பதற்குப் பேச்சில் யோட்டெர் டோவ். எல்லாவற்றிலும் நல்ல என்றால் ஹஹி டோவ். எழுத்துநடையில் ஹ-டோவ் பெயோட்டெர். ‘விட’ என்பதற்கு எபிரேயம் தனிச்சொல் தேடுவதில்லை. ‘இருந்து’ என்ற பொருள் தரும் ‘மி’ என்பதையே முன்னால் ஒட்டும். பள்ளியில் ஐந்தாம் வேற்றுமைக்கு ‘காக்கையின் கரிது களாம்பழம்’ என்று படித்தது நினைவிருந்தால் வேலை முடிந்தது. நீங்கலுக்கும் ஒப்புக்கும் ஒரே உருபு, இங்கும் அதேதான்.

பிரசங்கி 7:1 இதற்குப் படிக்கத் தக்க வரி: “டோவ் ஷெம் மிஷெமென் டோவ்.” தமிழ் விவிலியம் இதைப் ‘பரிமளதைலத்தைப் பார்க்கிலும் நற்கீர்த்தி’ நல்லது என்று சொல்கிறது. நான்கே சொற்களில் இரண்டு டோவ். முதல் டோவ் பெயருக்கு முன்னால் நிற்பதால் அது ‘நல்லது’ என்ற பயனிலை. கடைசி டோவ் ஷெமெனுக்குப் பின்னால் நிற்பதால் அது ‘நல்ல’ என்ற அடை: நல்ல எண்ணெய். நம் நல்லெண்ணெய் அல்ல. எள்ளெண்ணெய்க்கு ஷெமென் ஷும்ஷும் என்று கேட்க வேண்டும்.

தமிழ் காலைவாரும் இடங்கள்

இதுவரை தமிழைப் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்று சொன்னேன். சில இடங்களில் கையை விட வேண்டும். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்பதற்கு டோவ் சொன்னால் தவறில்லை, ஆனால் சமைத்தவர் எதிர்பார்ப்பது டாயிம், சுவையாக இருக்கிறது. சட்டை நன்றாக இருக்கிறது என்றால் யாஃபா, அழகு. நல்ல மழை என்றால் கெஷெம் ஹஸாக், பலத்த மழை. கெஷெம் டோவ் என்றால் பயிருக்கு உகந்த மழை என்றுதான் நினைப்பார்கள். நல்ல பாம்பை மொழிபெயர்க்க முயலவே வேண்டாம்.

எதிர்ச்சொல் ரா, கெட்ட. ஆதியாகமத்தின் நன்மை தீமை அறியத்தக்க மரத்தில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன: டோவ் வாரா. அன்றாடப் பேச்சில் ரா கொஞ்சம் கனமான சொல். லோ டோவ் என்று மறுப்பதே பொதுவழக்கு.

பெரியவர் முன்பு பள்ளி ஆசிரியராக இருந்தவர். மாலையில் மாத்திரை அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் என்னை ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லி, சிவப்புப் பேனாவால் திருத்துவார். இஸ்ரேல் பள்ளிகளில் 85 முதல் 94 வரை டோவ் மெஓட், 75 முதல் 84 வரை டோவ். 65 முதல் 74 வரை ‘கிம்அட் டோவ்’, கிட்டத்தட்ட நல்லது. மூன்று மாதம் நான் அந்தப் படியைத் தாண்டவில்லை. ஒரு நாள் ‘ஷானிம் டோவிம்’ என்று எழுதியிருந்தேன். அதன் கடைசி இரண்டு எழுத்தை அடித்து டோவோட் ஆக்கிவிட்டு, கீழே 74 போட்டார்.